சம்பந்தியம்மாவுக்கு, பூட்ஸ் போட்ட மருமகள் விஷயமாக

பெருமதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அனார்கான் அவர்களுக்கு,

நகரத்திலிருந்து பூபூசாரா சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் மகன் தாலாய்பெக்கும், உங்கள் மகளும் என் மருமகளுமான ஜிபெக்கும், பேத்தி ஆய்தனாவும் இறைவன் அருளால் நலம். அங்கே நீங்களும், சம்பந்தி அவர்களும், உங்கள் குதிரைகளும், மாடுகளும், ஆடுகளும், போன குளிர்காலத்தில் காலை ஒடித்துக்கொண்ட அந்தக் கிடாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. அங்கே கணவாயில் பனி உருகிவிட்டதா? உருகாமல் இருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. பனி உருகினால்தான் நீங்கள் வண்டி பிடித்து வருவீர்கள். நீங்கள் வரக்கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் உங்களுக்கு நடுவில் அழுகை வந்துவிடுகிறது, எனக்கு நடுவில் கோபம் வந்துவிடுகிறது, இரண்டும் முடிவதற்குள் உங்கள் மலையில் சிக்னல் போய்விடுகிறது. கடிதம் அழாது, அறுபடாது. கம்பளி வியாபாரியிடம் நீங்கள் சொல்லியனுப்பியதை அவர் வந்து எங்கள் தெருவின் நடுவில் நின்று, தன் லாரியின் இன்ஜினைக்கூட அணைக்காமல், அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னார். “நான் பொண்ணக் கொடுத்தது மருமகளா இருக்கறதுக்கு, போலீஸ்காரியா இருக்கறதுக்கு இல்ல. வெள்ளிக்கிழமை அவ மாமன்மாரக் கூட்டிட்டு வர்றேன். பொண்ணையும் பேத்தியையும் அழைச்சிட்டுப் போயிடுவேன். அந்தம்மா தயாரா இருக்கட்டும்.” அந்தம்மா என்பது நான்தான் என்று தெருவில் எல்லோருக்கும் புரிந்தது. பரவாயில்லை. நான் தயாராகத்தான் இருக்கிறேன். உங்கள் மகளை அனுப்புவதாக இல்லை. காரணத்தை நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். இரண்டாவது கோப்பை டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம்.

முதலில் நானும் உங்களைப் போலத்தான் குதித்தேன். இதெல்லாம் சந்தையில் தொடங்கியது. ஜிபெக் தையற்கூடத்திலிருந்து நூல் வாங்கப் போனபோது, காய்ந்த பழங்கள் விற்கும் வரிசையில் ஒரு குழந்தை தொலைந்துபோய் நின்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு போலீஸ்காரர்கள், ஆளுக்கொரு மரம்போல உயரம், குனிந்து குனிந்து “உன் பேரென்ன? அப்பா பேரென்ன? எந்தத் தெரு?” என்று கேட்க, ஒவ்வொரு கேள்விக்கும் குழந்தையின் குரல் ஒரு படி ஏறுகிறது. உங்கள் மகள் நூல் பையைக் கீழே வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பெரியவராக இருந்த போலீஸ்காரரின் தொப்பியைக் கேட்காமலே கழற்றிக் குழந்தையின் தலையில் வைத்து, “ஆபீசர் ஐயா, உங்க அம்மா எங்க நிக்கறாங்க, எங்களுக்குக் கொஞ்சம் காட்டுங்களேன்” என்றாளாம். ஆபீசர் ஐயா உடனே அழுகையை நிறுத்திவிட்டுப் பாலாடைக்கட்டி வரிசையைக் கைகாட்டினார். தாய் கிடைத்தாள். தொப்பி போன போலீஸ்காரர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே, “பொண்ணே, எங்க ஸ்டேஷன்ல பொம்பள ஆளே பத்தல. ஆளெடுக்கறாங்க. உனக்கு வயசு தாண்டறதுக்குள்ள மனு போடு” என்றிருக்கிறார்.

அன்று மாலை எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தபடியே சொன்னாள். “அத்தை, போலீஸ் வேலைக்கு மனு கொடுத்துட்டேன்.” டீ என் மடியில் விழுந்தது. “யாரக் கேட்டுக் கொடுத்த?” என்றேன். “கேக்கல அத்தை, சொல்றேன்” என்றாள், துணியை எடுத்து என் மடியைத் துடைத்துக்கொண்டே. “அப்ப அடுப்ப யாரு பாக்கறது?” “நீங்கதான் அத்தை. நான் சமைக்கறது எப்பவுமே உங்களுக்குப் பிடிக்காதே.” இதற்கு என்ன பதில் சொல்வது? பிடிக்கிறது என்று சொன்னால் இத்தனை வருடம் நான் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். கோப்பையை மறுபடி நீட்டினேன். என் மகன் மூலையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து எறும்புக்குப் போடுவதுபோல வாயில் போட்டுக்கொண்டிருந்தான். உங்கள் மாப்பிள்ளையை உங்களுக்குத் தெரியும். மினிபஸ் ஓட்டுகிறவன், சாலையில் வெள்ளைக் கோல் தூக்கிய போலீஸ்காரரைப் பார்த்தாலே, ஒரு தப்பும் செய்யாமலே, முகம் வெளுத்து எல்லாத் தாள்களையும் நீட்டுகிறவன். “தினமும் ராத்திரி வீட்டுக்கே போலீஸ் வருமா?” என்று மட்டும் கேட்டான்.

அந்த வேலைக்கு என்னவெல்லாம் வேண்டும் தெரியுமா, சம்பந்தியம்மா? நான் ஏதோ பூட்ஸும் குரலும் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். படிப்புச் சான்று வேண்டும், வயது தாண்டியிருக்கக் கூடாது, கண் காது இதயம் பல் எல்லாம் தனித்தனி மருத்துவரிடம் தேற வேண்டும், ஓட வேண்டும், தண்டால் எடுக்க வேண்டும், சட்டம் ஒப்பிக்க வேண்டும், மனநிலைப் பரீட்சை எழுத வேண்டும். அவள் மேல் வழக்கு இருக்கக் கூடாது, அவளைச் சேர்ந்தவர்கள் மேலும் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில்தான் உங்கள் தம்பி இமானாலி வந்து குறுக்கே நின்றார். வேறு யாரும் வரவில்லை. என் வீட்டுப் பக்கம் எல்லாம் சுத்தம். கலாசார மன்றத்துக்குள் அவர் குதிரையோடு நுழைந்த விவகாரம் இன்னும் அங்கே பதிவில் இருக்கிறதாம். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “உங்க தாய்மாமன் பொதுக் கட்டடத்துக்குள்ள அத்துமீறி நுழைஞ்சிருக்காரே” என்று கேட்க, ஜிபெக், “இல்லீங்க, உள்ள நுழைஞ்சது குதிரை. மாமா அது மேல உக்காந்திருந்தார், அவ்வளவுதான்” என்றாளாம். அதிகாரி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு முத்திரை குத்திக் கொடுத்தார். நீங்கள் வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வரப்போகிற மாமன்மாரில் அவரும் ஒருவர் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன்.

ஓட்டத்துக்குப் பழக வேண்டும் என்று விடிந்ததும் ஓடத் தொடங்கினாள். தெருவில் ஒரு பெண் தனியாக ஓடினால் யார் துரத்துகிறார்கள் என்று ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அதனால் தன் கணவனின் மினிபஸ்ஸுக்குப் பின்னால் ஓடுவது என்று ஏற்பாடு செய்துகொண்டாள். முதல் நாளே பஸ்ஸில் இருந்தவர்கள் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார்கள். “டிரைவர், நிறுத்துப்பா, ஒரு பொண்ணு பஸ்ஸுக்கு ஓடி வருது!” என் மகன், “அது வராதுங்க, என் பெண்டாட்டி” என்று சொல்லி வைத்திருக்கிறான். அவ்வளவுதான். ஒரு பஸ் நிறைய ஆட்கள் சேர்ந்து அவனைப் பிடித்துக்கொண்டார்கள். “பெண்டாட்டிய ஏத்தாம ஓடவிட்டுட்டுப் போறியே, நீயெல்லாம் மனுஷனா?” பால்காரி ஒருத்தி அவன் தோளில் பையால் அடித்தாள். அவன் பயந்துபோய் நிறுத்த, ஜிபெக் பஸ்ஸைத் தாண்டிக்கொண்டு கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். ஒரு வாரத்தில் பஸ்ஸில் வழக்கமாக வருகிறவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் கைதட்டி, “இழுத்துப் பிடி, மகளே! நீட்டு காலை!” என்று கத்த ஆரம்பித்தார்கள். பரீட்சை நாளன்று ஓடுகளத்தில், அவளை விட இளைய பெண்கள் நாலைந்து பேரைப் பின்னால் விட்டு வந்தாள். அதற்கும் அந்த பஸ்தான் காரணம் என்று பால்காரி இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

சட்டத்தை அவள் மாவு பிசைந்தபடியே மனப்பாடம் செய்தாள். “காவலரின் கடமை: மனிதரின் உயிரையும் உடலையும் உரிமையையும் காத்தல். குற்றம் நடக்குமுன் தடுத்தல். உதவி கேட்டு வருபவர் எவரானாலும் ஏற்றல்.” நான் எதிரில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்ப்பேன். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த ஆய்தனாவை மழலையர் பள்ளியில் பாட்டுப் பாடச் சொன்னபோது, பட்டாம்பூச்சிப் பாட்டுக்குப் பதில் கைது செய்யப்பட்டவரின் உரிமைகளைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறது. ஆசிரியை அன்று என்னை நிற்கவைத்துப் பேசினாள்.

மனநிலைப் பரீட்சையில் கேள்விகள் முடியவே முடியாதாம். பூக்கள் பிடிக்குமா, யாராவது பின்தொடர்கிறார்களா, உயரமான இடத்திலிருந்து குதிக்கத் தோன்றியதுண்டா, மறுபடியும் பூக்கள் பிடிக்குமா. அதற்கும் மேலே பொய் கண்டுபிடிக்கும் இயந்திரம். விரலில் கயிறு, மார்பில் பட்டை. “வீட்ல இருக்கறவங்ககிட்ட எதையாவது மறைச்சிருக்கீங்களா?” என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றிருக்கிறாள். ஊசி துள்ளிவிட்டது. யோசித்துச் சொல்லுங்கள் என்றதும், “மாமியார் செய்யற நூடுல்ஸ் சூப் எனக்குப் பிடிக்காது. நல்லா இருக்குன்னு சொல்லிச் சாப்பிடறேன்” என்றாளாம். ஊசி அசையாமல் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து இதை என்னிடமே சொன்னாள், சம்பந்தியம்மா! போலீஸில் சேருகிறவள் பொய்யை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதாம். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் உப்பைக் குறைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, இதை அவளிடம் சொல்லவில்லை, என்னை யாரும் இயந்திரத்தில் கட்டவில்லை.

பிறகு அக்கம்பக்கத்தில் விசாரிக்க இளம் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். நேராக அடுத்த வீட்டுக் கலிச்சாவிடம் போனார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. வாய்க்கால் தண்ணீர்ச் சண்டைக்குப் பிறகு கலிச்சாவும் நானும் பேச்சை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று. நான் வேலிப் பக்கம் துணி உலர்த்தப் போனேன். உலர்த்தத் துணி எதுவும் இல்லை, கையில் கிடைத்த சாக்கை உலர்த்தினேன். அவர், “ஜிபெக் எப்படிப்பட்ட பொண்ணும்மா? பொறுமை உண்டா? கோபத்த அடக்குவாளா?” என்று கேட்டார். கலிச்சா ஒரு பெருமூச்சு விட்டாள். “தம்பி, கல்யாணமான நாள்லேர்ந்து அந்த பூபூசாராவோட ஒரே வீட்ல இருக்கா. அதுக்கு மேல என்ன பரீட்சை வேணும் உங்களுக்கு?” இன்ஸ்பெக்டர் அதைத் தலையைக்கூட நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டார். அவள் கோப்பில் “மனஉறுதி: மிக அதிகம்” என்று போட்டிருக்கிறார்கள். அது யாரால் கிடைத்த மதிப்பெண் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆக, பயிற்சிக் காவலராக எடுத்துக்கொண்டார்கள். பெண்ணுக்கு அளவான சீருடை கிடைக்கவில்லை. ஆண் அளவில் ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். பள்ளி முடிக்கும் வயதிலேயே அவள் போலீஸ் ஆக வேண்டும் என்று அழுதபோது நீங்கள் பிடித்துத் தையல் வகுப்பில் சேர்த்தீர்கள் அல்லவா, அந்தத் தையல் இப்போது உதவியது. இடுப்பைப் பிடித்து, தோளை இறக்கி, ஒரே மாலையில் முடித்தாள். மறுநாள் ஸ்டேஷனில் மற்றவர்களும் தங்கள் காற்சட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்களாம். “இது என் கடமையில எழுதலியே” என்று திருப்பியனுப்பிவிட்டாள். துப்பாக்கி கிடையாது, விலங்கு கிடையாது, கழுத்தில் விசில் மட்டும். சந்தையில் நடப்பது, தள்ளுவண்டிக்காரர்கள் சண்டையை விலக்குவது, குடித்துவிட்டுக் கிடப்பவரைத் தூக்கி உட்காரவைப்பது, வழி கேட்பவருக்கு வழி சொல்வது. மாலையில் வந்து பூட்ஸைக் கழற்றினால் குதிகால் எல்லாம் கொப்புளம். அதுவரைக்கும், சம்பந்தியம்மா, எனக்கும் மனதுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. ஒரு மாதம் பார்ப்பாள், தானாக விட்டுவிடுவாள் என்று.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை இனிச் சொல்கிறேன். இதைக் கம்பளி வியாபாரி உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

கலிச்சாவின் மகள் பெர்மெத்தும் அவள் புருஷன் மெதெரும் கலிச்சா வீட்டுப் பின்கட்டில்தான் குடியிருந்தார்கள். அங்கே அடிதடி நடப்பது தெருவுக்கே தெரியும். குடும்ப விஷயம் என்று தெருவே சொல்லும். அன்று நண்பகல், ஜிபெக் சாப்பிட வந்து முதல் வாய் எடுத்து வைத்திருப்பாள், கலிச்சா தலையில் துணிகூட இல்லாமல் தெருவுக்கு ஓடி வந்தாள். “கோடாரிய எடுத்துட்டான்! கதவச் சாத்திட்டான்! என் பொண்ணும் குழந்தையும் உள்ள இருக்கு!” அதற்குள் தெரு ஆண்கள் எல்லாம் கதவு முன்னால் கூடிவிட்டார்கள். “டேய் மெதெர், ஆம்பளையா இருந்தா வெளிய வாடா!” என்று அவர்கள் கத்தக் கத்த உள்ளே பாத்திரங்கள் உடைகின்றன. நடுவில் குழந்தையின் அழுகை.

ஜிபெக் நடந்துகொண்டே ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். சந்தை நாள், சாலை முழுக்க லாரி, வண்டி வரத் தாமதமாகும் என்றார்கள். போனைப் பைக்குள் வைத்தாள். விசிலை எடுத்து ஓர் ஊது ஊதினாள் பாருங்கள், உடைகிற சத்தமே ஒரு நொடி நின்றது. “யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. எல்லாரும் அந்த மதில் வரைக்கும் பின்னால போங்க.”

முன்னால் நின்ற ஒருவன், “நீ யாரும்மா எங்களப் போகச் சொல்ல? தாலாய்பெக் பெண்டாட்டிதான நீ?” என்றான்.

“இப்ப இல்ல” என்றாள்.

போய்விட்டார்கள், சம்பந்தியம்மா. அத்தனை தடியன்களும் பின்னால் போய் மதிலோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் என் பக்கம் திரும்பிக் காதோடு சொன்னாள். “அத்தை, பின்பக்கம் சமையற்கட்டு ஜன்னல். சத்தமில்லாமப் போயி குழந்தைய வாங்குங்க. அவன நான் இங்க நிறுத்தி வெக்கறேன்.” வேறு யாரையும் சொல்லவில்லை. என்னைச் சொன்னாள்.

அவள் கதவைத் தட்டினாள். “மெதெர் அண்ணே, உங்க புகார எழுதிக்க வந்திருக்கேன்.”

உள்ளே பாத்திரம் உடைவது நின்றது. பிறகு, “என்ன புகார்?” என்று ஒரு குரல்.

“உங்க மேல தப்பே இல்லைன்னு கத்தறீங்க இல்ல? கத்தினா காத்தோட போயிடும். எழுதிக் கொடுத்தா ஸ்டேஷன்ல நிக்கும். முழுப் பேரு சொல்லுங்க.”

அவன் சொன்னான்! கையில் கோடாரியை வைத்துக்கொண்டு, முழுப்பெயர், பிறந்த ஊர், தகப்பன் பெயர் எல்லாம் சொன்னான். அவள் ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டாள். நான் பின்பக்கம் போய்ச் சேர்ந்தபோதும் அந்தப் பேச்சு வீட்டுக்குள்ளே நுழைந்து எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

“மாமியார் எல்லார் முன்னாடியும் என்னச் சோம்பேறின்னு சொன்னா. அத எழுது!”

“எழுதறேன் அண்ணே. சோம்பேறிக்கு எந்த ‘ற’? சின்னதா, பெருசா?”

“பெருசு! பெருசு! நீ பள்ளிக்கூடம் போனியா இல்லியா? எங்க, படிச்சுக் காட்டு!”

மோர் ஊற்றுகிற பீப்பாயைக் கவிழ்த்து அதன்மேல் நான் ஏறி நின்றேன். பெர்மெத் உதடு கிழிந்து உள்ளே நின்றாள். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை அவள் கழுத்தை விடமாட்டேன் என்கிறது. நான் இடுப்பு வரைக்கும் ஜன்னலுக்குள் போய்த்தான் அதைப் பிரித்து எடுக்க முடிந்தது. எடுத்து, என் பின்னாலேயே வந்திருந்த கலிச்சாவிடம் என் அக்குள் வழியாகக் கொடுத்தேன். குழந்தை வெளியே வந்துவிட்டது, நான் வரவில்லை. என் வெல்வெட் மேல்சட்டை கொக்கியில் மாட்டிக்கொண்டது. என் உடம்பு ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்தால் பெர்மெத் எப்படி வருவாள்? அவள் உள்ளேயிருந்து என் தோளைத் தள்ளுகிறாள். கலிச்சா குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியேயிருந்து என் காலைப் பிடித்து இழுக்கிறாள். “மூச்ச உள்ள இழு, பூபூசாரா!” என்று கிசுகிசுக்கிறாள். இத்தனை காலத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. “இழுத்துக்கிட்டுதான்டி இருக்கேன்!” என்றேன் நான். அது என்னுடைய முதல் பேச்சு. வெல்வெட் கிழிந்தது, நான் பீப்பாயோடு கீழே விழுந்தேன், என் மேலே பெர்மெத் விழுந்தாள். மூன்று பேரும் குழந்தையும் தவழ்ந்தே எங்கள் வேலியைத் தாண்டினோம்.

நான் வேலியோரமாக முன்பக்கம் வந்து ஜிபெக்குக்குக் கைகாட்டியபோது புகார் மூன்றாம் பக்கத்துக்கு வந்துவிட்டிருந்தது. “கடைசியா ஒரு கையெழுத்து அண்ணே. கையெழுத்து இல்லாத புகார் செல்லாது” என்றாள் ஜிபெக். கதவு திறந்தது. வலக்கையில் கோடாரி. அவள் பேனாவை நீட்டினாள். அவன் பேனாவைப் பார்த்தான், கோடாரியைப் பார்த்தான். கோடாரியைக் கதவோரம் சாய்த்து வைத்துவிட்டு, நெளிவு சுழிவோடு, கடைசிக் கோடு வரைக்கும் இழுத்துக் கையெழுத்துப் போட்டான். அவன் புள்ளி வைப்பதற்குள் கோடாரி முற்றத்துக்குப் பறந்தது. அடுத்த நொடி அவன் கை அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அப்போது மதில் பக்கத்திலிருந்து ஓர் ஆள் பிரிந்து ஓடி வந்தான், கையில் பஸ்ஸைக் கட்டி இழுக்கிற கயிறு. என் மகன்! வெள்ளைக் கோலைப் பார்த்தால் வெளுக்கிறவன்! “எப்படிக் கட்டணும், சொல்லு” என்றான், பல் கிடுகிடுவென்று ஆட. அவள் சொன்னபடி கட்டினான்.

ஸ்டேஷன் வண்டி வந்து, “ஆள் எங்க?” என்று கேட்டார்கள். “கட்டி வெச்சிருக்கு. பெண்டாட்டிய அடிச்சேன், கதவ அடைச்சேன்னு மூணாம் பக்கத்துல அவரே சொல்லியிருக்கார், கீழ கையெழுத்தும் போட்டிருக்கார்” என்று தாள்களைக் கொடுத்தாள்.

பிறகு வீட்டுக்கு வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றப் போனாள். முடியவில்லை. விரல்கள் ஆடிய ஆட்டத்தில் பூட்ஸ் கயிற்றைப் பிடிக்கவே வரவில்லை. “குழந்தைக்கு ஒண்ணும் இல்லியே அத்தை?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் அவள் முன்னால் உட்கார்ந்து அந்தக் கயிறுகளை அவிழ்த்தேன். மருமகளின் பூட்ஸை மாமியார் கழற்றுவதா என்று நீங்கள் கேட்பீர்கள். கழற்றினேன், சம்பந்தியம்மா. டீயும் நானே போட்டேன். சூப்பையும் சூடு பண்ணிக் கொடுத்தேன். உப்புக் குறைத்த சூப்.

மறுநாள் ஸ்டேஷன் தலைவர், கர்னல், அவளைக் கூப்பிட்டு வண்டி வரும்வரை காத்திருக்காததற்கு ஒரு கண்டிப்புத் தாள் கொடுத்தார். அதைப் படித்து முடித்ததும் அதே மேசையிலிருந்து நியமனத் தாளையும் எடுத்துக் கொடுத்தார். சனிக்கிழமை காலை உறுதிமொழி ஏற்பு. பெர்மெத் இப்போது தாயோடு முன்கட்டில் இருக்கிறாள். சமாதானமாகப் போ என்று சொல்ல வந்தவர்களைக் கலிச்சா வாய்க்கால் வரைக்கும் துரத்திவிட்டாள். நேற்று பெர்மெத் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தாள். “இனிமே சத்தம் போட்டா யாராவது வருவாங்கன்னு தெரியும்” என்றாள். அதைக் கேட்ட பிறகு உங்கள் மகளை நான் எந்த வாயால் மலைக்கு அனுப்புவேன்?

ஆகவே என் முடிவு இது. வெள்ளிக்கிழமை வராதீர்கள். மாமன்மார் லாரி பிடிக்க வேண்டாம். ஜிபெக் இங்கேயேதான் இருப்பாள், அந்தத் தொப்பியோடுதான் இருப்பாள். இடையில் யார் வந்து நின்றாலும் முதலில் என்னைத் தாண்டட்டும். நான் ஒரு ஜன்னலையே அடைத்தவள், கதவை அடைக்க எனக்குத் தெரியாதா? அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன், பேத்தியை நான் பார்த்துக்கொள்கிறேன். ஊர் சிரிக்கும் என்று பயப்படாதீர்கள். எங்கள் தெரு சிரிப்பதை நிறுத்திவிட்டது.

உங்கள் கூடாரத்தின் புகைத்துளை என்றும் அடைபடாமல் இருக்கட்டும், உங்கள் குதிரைகள் இரட்டைக் குட்டி போடட்டும், சம்பந்தியின் முழங்கால் வலி கோடையோடு போகட்டும் என்று உள்ளங்கைகளை விரித்து வேண்டிக்கொள்கிறேன். உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு என் சலாம். இமானாலிக்கும், அவர் குதிரைக்கும்.

அன்பும் உறுதியும் மாறாத,
பூபூசாரா

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து அடித்துவிடுங்கள். நேற்று உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு நடை கடைத்தெருவுக்குப் போனேன். பள்ளிக்கூடத்து முன் சாலையில் உங்கள் மகள் காவல் நிற்கிறாள் என்று கேள்விப்பட்டு, கலிச்சாவையும் இழுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து அவளைப் பார்த்துக் கையை ஆட்டியபடியே சாலையில் இறங்கினேன். சிவப்பு விளக்கு எரிந்ததாம். எனக்கு எங்கே அது தெரிந்தது, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊதினாள் பாருங்கள் விசில்! “அம்மா, ரெண்டு பேரும் அங்கேயே நில்லுங்க. அடையாள அட்டை இருக்கா?” என்றாள். “அடியே, நான் உன் மாமியார்!” “அது வீட்ல. அட்டை எடுங்க.” பெயரை எழுதிக்கொண்டாள், எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டாள்! அதோடு விட்டாளா? அங்கே சாலை விதி படித்துக்கொண்டிருந்த முதல் வகுப்புப் பிள்ளைகளோடு எங்களையும் வரிசையில் நிற்கவைத்துவிட்டாள். முன்பல் விழுந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “விளக்குல பச்ச ஆளு வந்தாத்தான் போகணும், தெரியுதா?” என்று பாடம் எடுத்தது. கலிச்சா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். என்னால் வெளியே தலைகாட்ட முடியவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை கட்டாயம் வாருங்கள். மாமன்மாரையும் கூட்டி வாருங்கள். லாரி பெரியதாகவே இருக்கட்டும். உங்கள் மகளை நீங்களே அழைத்துப் போய்விடுங்கள். ஆனால் சனிக்கிழமை உறுதிமொழி முடிந்த பிறகு கிளம்பலாம். முன்வரிசையில் எனக்கும் உங்களுக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி சொல்லி வைத்திருக்கிறேன். வரும்போது சாலையைக் கோடு போட்ட இடத்திலேயே கடந்து வாருங்கள். யாருடைய அம்மா என்றெல்லாம் அவள் பார்க்க மாட்டாள்.